பதவி என்னும் அமானிதம்: தொடக்க கால இஸ்லாமியத் தலைமை பற்றி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் அவர்களுக்குப் பின் ஆட்சித் தலைவர்களாக வந்த கலீஃபாக்களையும் சிறந்த தலைவர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தச் சிறப்பு எந்தப் பண்புகளில் இருந்தது என்றும், அதைக் காட்டும் ஒரே ஒரு நிகழ்வைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள் என்றும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். முதல் பகுதிக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது பகுதிக்கான பதிலை இறுதியில் தருகிறேன். முன்னே உள்ளவற்றைப் படித்த பிறகுதான் அந்த நிகழ்வின் கனம் விளங்கும்.

நீதி, எளிமை, வீரம், கருணை, இறையச்சம் என்று பண்புகளை வரிசைப்படுத்துவதே நம் மேடைகளில் வழக்கம். அவை அனைத்தும் உண்மை. ஆனால் இந்தச் சொற்களைக் கொண்டு உலகில் எந்த நல்ல அரசரையும் புகழ்ந்துவிட முடியும். மதீனாவில் உருவான தலைமைக்கே உரிய தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தத் தலைவர்கள் பதவியைத் தமக்குக் கிடைத்த உடைமையாகக் கருதவில்லை. உரியவரிடம் ஒரு நாள் திருப்பி ஒப்படைத்துக் கணக்குச் சொல்ல வேண்டிய அமானிதமாகக் கருதினார்கள். அப்படிக் கருதியதால்தான் தம்மைக் கேள்வி கேட்கவும் தடுத்து நிறுத்தவும் திருத்தவும் மற்றவர்களுக்குத் தாமாகவே வழி திறந்து வைத்தார்கள். அவர்களுடைய எளிமையும் நீதியும் இந்த ஊற்றிலிருந்து பிறந்தவையே.

"அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைத்து விடுமாறும், மக்களிடையே தீர்ப்பளித்தால் நீதியுடன் தீர்ப்பளிக்குமாறும் அல்லாஹ் உங்களுக்குக் கட்டளையிடுகிறான்" என்கிறது குர்ஆனின் நான்காம் அத்தியாயம், 58ஆம் வசனம். கி.பி. 630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளுடன் இந்த வசனத்தைத் தொடர்புபடுத்தி விரிவுரையாளர்கள் பலர் விளக்குகின்றனர். கஅபாவின் சாவி அப்போது உஸ்மான் பின் தல்ஹா என்பவரின் குடும்பத்திடம் இருந்தது. வெற்றி பெற்ற நிலையில், அந்தப் பொறுப்பைத் தம் குடும்பத்துக்குத் தருமாறு நபியவர்களின் நெருங்கிய உறவினர்களே வேண்டினார்கள். நபியவர்களோ உஸ்மான் பின் தல்ஹாவை அழைத்து, சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சாவி இன்றுவரை அதே குடும்பத்தாரின் கையில்தான் இருந்து வருகிறது. வென்றவர் தம் உறவினருக்குப் பதவி வழங்குவதை இயல்பாகக் கருதிய குலச் சமூகம் ஒன்றில் இது நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பதவியைக் கேட்டு வந்தவர்களுக்கு நபியவர்கள் அதைத் தரவில்லை என்பதும் இதனோடு சேர்ந்ததே. அபூதர் (ரலி) தமக்கு ஒரு பொறுப்பை வழங்குமாறு கேட்டபோது, நபியவர்கள் அவருடைய தோளைத் தட்டி, "அபூதர்ரே, நீர் பலவீனமானவர், இதுவோ அமானிதம், உரிய முறையில் ஏற்றுக் கடமையை நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்களுக்கு இது மறுமை நாளில் இழிவும் வருத்தமுமாகவே இருக்கும்" என்றார்கள். அபூதர்ரின் நேர்மையிலோ பக்தியிலோ யாருக்கும் ஐயமில்லை; நபியவர்களின் அன்புக்குரிய தோழர்களில் ஒருவர் அவர். ஆயினும் நல்ல மனிதராக இருப்பது வேறு, நிர்வாகம் செய்யும் திறன் வேறு என்ற தெளிவு நபியவர்களிடம் இருந்தது. நம் ஜமாஅத்துகளிலும் சங்கங்களிலும் நல்லவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுப்பைச் சுமத்திவிட்டுப் பிறகு அவரையே குறை சொல்லும் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஹதீஸ், அதாவது நபிமொழி, நினைவுக்கு வரும்.

ஜகாத் என்னும் கட்டாய தர்மத்தை வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, "இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பர் என்னும் சொற்பொழிவு மேடையில் ஏறி, அந்த மனிதர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். அதிகாரிக்குத் தரப்படும் பரிசு அவருக்குத் தரப்படுவதில்லை, அவர் வகிக்கும் பதவிக்குத் தரப்படுகிறது என்பதை விளக்க இதைவிடச் சுருக்கமான கேள்வி வேண்டியதில்லை.

அடுத்து, கலந்தாலோசனை. அரபியில் ஷூரா என்றும் நம் பேச்சு வழக்கில் மஷூரா என்றும் சொல்வது இதைத்தான். கி.பி. 624இல் பத்ருப் போருக்கு முன் நபியவர்கள் ஓரிடத்தில் தங்கியபோது, ஹுபாப் பின் முன்திர் (ரலி) வந்து, "இது அல்லாஹ் உங்களுக்குக் காட்டிய இடமா, அல்லது போர்த் தந்திரம் கருதி நீங்களாகத் தேர்ந்தெடுத்ததா?" என்று கேட்டார். தாமாகத் தேர்ந்தெடுத்ததுதான் என்று நபியவர்கள் சொன்னதும், எதிரிகளுக்கு அருகிலுள்ள கிணற்றை நாம் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தூர்த்துவிட வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். நபியவர்களும் இடத்தை மாற்றினார்கள். வஹீ என்னும் இறைச்செய்தி எது, மனிதக் கருத்து எது என்று பிரித்துக் கேட்கும் துணிவு ஒரு சாதாரணத் தோழருக்கு இருந்தது. அந்தக் கேள்வியை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாத தலைவர் அவருக்கு வாய்த்திருந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்த உஹுதுப் போர் இன்னும் ஆழமான பாடம். மதீனாவுக்குள்ளேயே இருந்து தற்காத்துக்கொள்ளலாம் என்பது நபியவர்களின் விருப்பம். பத்ரில் கலந்துகொள்ளாத இளைஞர்கள் பலர் வெளியே சென்று போரிட வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். நபியவர்கள் அந்தக் கருத்தை ஏற்றுக் கவசம் அணிந்து வந்தார்கள். வற்புறுத்திவிட்டோமே என்று வருந்திய தோழர்கள் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னபோது, கவசம் அணிந்த பிறகு போரிடாமல் அதைக் கழற்றுவது ஒரு நபிக்கு ஏற்றதல்ல என்று மறுத்துவிட்டார்கள். அந்தப் போரில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 70 பேரை இழந்தார்கள், நபியவர்களும் காயமடைந்தார்கள். உலக வழக்கப்படி, இனி யாரிடமும் ஆலோசனை கேட்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு ஒரு தலைவர் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் இருக்க முடியாது. ஆனால் அந்தப் போரைப் பற்றிப் பேசும் மூன்றாம் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், "அவர்களை மன்னிப்பீராக, அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுவீராக, காரியங்களில் அவர்களுடன் கலந்தாலோசிப்பீராக" என்று கட்டளையிட்டது. ஆலோசனையின் முடிவு இழப்பில் முடிந்த பிறகுதான் ஆலோசனையைத் தொடருமாறு கட்டளை வருகிறது. ஷூராவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்காமல் கடந்துவிடுவது எனக்குப் பெரும் குறையாகத் தோன்றுகிறது. முடிவு சரியாக அமையும் என்ற உத்தரவாதத்துக்காக மட்டும் மஷூரா செய்யப்படுவதில்லை. மக்களைப் பொறுப்பில் பங்காளிகளாக்குவதற்காகவும் அது செய்யப்படுகிறது.

கி.பி. 632இல் நபியவர்கள் மறைந்த பின் அபூபக்ர் (ரலி) தலைமைப் பொறுப்பை ஏற்றார். தலைமை யாருக்கு உரியது என்பதில் ஷியா முஸ்லிம்களின் நிலைப்பாடு வேறு. இங்கே என் கவனம் பொறுப்புக்கு வந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியது. பைஅத் என்னும் விசுவாச உறுதிமொழி முடிந்ததும் அவர் ஆற்றிய முதல் உரையை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன: "நான் உங்களில் சிறந்தவனாக இல்லாத நிலையில் உங்கள் மீது பொறுப்பாளனாக ஆக்கப்பட்டிருக்கிறேன். நான் நல்ல முறையில் நடந்தால் எனக்கு உதவுங்கள். தவறு செய்தால் என்னைச் சரிசெய்யுங்கள். உங்களில் பலவீனமானவர், அவருடைய உரிமையை நான் பெற்றுத் தரும் வரை என்னிடம் பலமானவர். உங்களில் பலமானவர், அவரிடமிருந்து உரிமையை நான் மீட்கும் வரை என்னிடம் பலவீனமானவர். அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் நான் கீழ்ப்படியும் வரை எனக்குக் கீழ்ப்படியுங்கள். நான் மாறு செய்தால் எனக்குக் கீழ்ப்படியும் கடமை உங்களுக்கு இல்லை." கீழ்ப்படிதலுக்கு நிபந்தனை விதிப்பவர் வழக்கமாக ஆளப்படுபவராகத்தான் இருப்பார், இங்கே ஆள்பவரே அந்த நிபந்தனையைத் தம் மீது விதித்துக்கொள்கிறார்.

துணி வியாபாரம் செய்துவந்த அபூபக்ர், கலீஃபாவான மறுநாளும் தோளில் துணிகளைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்டதாக வரலாற்றாசிரியர் இப்னு சஅத் பதிவு செய்கிறார். வழியில் கண்ட நபித்தோழர்கள் உமரும் அபூஉபைதாவும் (ரலி), மக்களின் பொறுப்பை ஏற்றவர் இப்படிச் செய்தால் நிர்வாகம் என்னாகும் என்று கேட்டார்கள். "என் குடும்பத்துக்கு எங்கிருந்து உணவளிப்பேன்?" என்பதே அவருடைய பதில். அதன் பிறகுதான் பைத்துல் மாலிலிருந்து, அதாவது பொதுக் கருவூலத்திலிருந்து, அவருடைய குடும்பத்துக்குத் தேவையான அளவு ஊதியம் தீர்மானிக்கப்பட்டது. இதில் இரண்டு விஷயங்கள் உண்டு. கருவூலம் தம் கையில் இருந்தபோதும் அதைத் தம் பணமாக அவர் நினைக்கவில்லை. அதேபோல், தலைவர் பட்டினி கிடந்து சேவை செய்ய வேண்டும் என்று மற்றத் தோழர்களும் எதிர்பார்க்கவில்லை. ஊதியத்தை நிர்ணயிக்கும் வேலையை மட்டும் அவரிடம் விடாமல் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். கி.பி. 634இல் இறக்கும் தறுவாயில், ஆட்சிப் பொறுப்பின் காரணமாகத் தம்மிடம் வந்து சேர்ந்திருந்தவற்றை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்குமாறு அவர் சொல்லிச் சென்றார். அவை அடுத்த கலீஃபாவான உமரிடம் வந்து சேர்ந்தபோது, "அபூபக்ருக்கு அல்லாஹ் அருள் புரிவானாக, தமக்குப் பின் வருபவரைப் பெரும் சிரமத்தில் ஆழ்த்திவிட்டார்" என்றார் உமர்.

மென்மையான இயல்புடைய அபூபக்ர் உறுதியிலும் குறைந்தவர் அல்லர். ஜகாத் தர மறுத்த குலத்தாரை எதிர்ப்பதில் உமரே தயங்கியபோது, தொழுகையையும் ஜகாத்தையும் பிரிப்பவர்களுடன் போரிடுவேன் என்று அவர் நிலைத்து நின்றார். மறுபுறம், யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் கொல்லப்பட்ட பின், குர்ஆனை ஒரே தொகுப்பாக எழுதி வைக்க வேண்டும் என்று உமர் சொன்னபோது முதலில் தயங்கியவர் அபூபக்ர். உமர் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்த பின் மனம் மாறி ஸைத் பின் ஸாபித்தை (ரலி) அந்தப் பணியில் அமர்த்தினார். ஒரு விஷயத்தில் தாம் மற்றவரை இணங்க வைப்பதும், இன்னொன்றில் அதே மனிதருக்குத் தாம் இணங்குவதும் ஒருவரிடமே காணக் கிடைப்பது அரிது.

உமர் (ரலி) அவர்களின் பத்தாண்டு ஆட்சியைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அவரைப் பற்றி நாம் கேட்கும் கதைகள் எல்லாம் ஒரே தரத்தில் உறுதியானவை அல்ல. மஹர் என்னும் மணக்கொடைத் தொகைக்கு உச்சவரம்பு விதிக்க முயன்ற அவரைப் பள்ளிவாசலில் ஒரு பெண் குர்ஆன் வசனத்தைக் காட்டித் திருத்தினார் என்ற புகழ்பெற்ற செய்தியின் அறிவிப்பாளர் தொடரை ஹதீஸ் அறிஞர்கள் குறை கண்டுள்ளனர். எகிப்து ஆளுநர் அம்ர் பின் ஆஸின் மகன் எகிப்தியக் கிறிஸ்தவரான ஒரு கிப்தியரை அடித்த கதையும் அப்படியே. இவற்றை நீக்கிவிட்டாலும் உமரின் சிறப்பில் எதுவும் குறைந்துவிடாது. உறுதியான ஆதாரமுள்ள செய்திகளே போதுமான அளவுக்கு நிறைந்திருக்கின்றன.

அவற்றுள் எனக்கு முதன்மையானது ஸர்ஃக் என்ற இடத்தில் நடந்தது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் உமர் சிரியாவை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியுடன் படைத்தலைவர்கள் எதிர்கொண்டு வந்தார்கள். உமர் முதலில் முஹாஜிர்களை, அதாவது மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தவர்களை, அழைத்துக் கேட்டார்; அவர்களிடையே கருத்து பிளவுபட்டது. பிறகு மதீனாவாசிகளான அன்சாரிகளை அழைத்தார். அவர்களும் அப்படியே பிரிந்தார்கள். மூன்றாவதாக, மக்கா வெற்றிக் காலத்தில் வந்து சேர்ந்த, நபியவர்களின் குலமான குறைஷி மூத்தவர்களை அழைத்தார். அவர்களில் இருவர்கூட வேறுபடாமல், மக்களை அழைத்துக்கொண்டு திரும்பிச் செல்லுமாறு சொன்னார்கள். இஸ்லாத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றுத் தியாகம் செய்தவர்களின் கருத்தைக் கேட்டதோடு நின்றுவிடாமல், பிந்தி வந்தவர்களின் கருத்தையும் கேட்டு அதன்படியே திரும்பிச் செல்ல முடிவு செய்தது கவனிக்கத் தக்கது.

"அல்லாஹ்வின் விதியிலிருந்தா தப்பி ஓடுகிறீர்கள்?" என்று அபூஉபைதா கேட்டார். "அபூஉபைதாவே, இதை உம்மைத் தவிர வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!" என்று வருந்திய உமர், "ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கி ஓடுகிறோம்" என்றார். ஒரு புறம் செழிப்பும் மறுபுறம் வறட்சியுமாக உள்ள பள்ளத்தாக்கில் உம்முடைய ஒட்டகங்களை எந்தப் புறம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று எடுத்துக்காட்டும் சொன்னார். அதிகாரத்தைக் காட்டி வாயை அடைக்காமல் ஓர் இடையனுக்கும் புரியும்படி காரணம் சொல்கிறார் என்பதே இங்கு முக்கியம். பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அறிவித்ததும் உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்.

அந்தப் பக்கத்தில் படைத்தலைவராக இருந்த அபூஉபைதாவின் தலைமையையும் பார்க்க வேண்டும். அவரை எப்படியாவது நோயிலிருந்து வெளியே கொண்டுவர எண்ணிய உமர், உம்மிடம் நேரில் பேச வேண்டிய அவசரக் காரியம் இருக்கிறது, உடனே புறப்பட்டு வாரும் என்று கடிதம் எழுதினார். அதன் நோக்கத்தை உணர்ந்துகொண்ட அபூஉபைதா, தாம் முஸ்லிம்களின் படை ஒன்றில் இருப்பதாகவும் அவர்களை விட்டுத் தம்மை மட்டும் காப்பாற்றிக்கொள்ள விரும்பவில்லை என்றும் பதில் எழுதிவிட்டார். கடிதத்தைப் படித்து உமர் அழுததைக் கண்டவர்கள், அபூஉபைதா இறந்துவிட்டாரா என்று கேட்டார்களாம். பிறகு படையை மேட்டு நிலத்துக்கு நகர்த்துமாறு உமர் ஆணையிட்டார். அபூஉபைதாவோ அந்த நோயிலேயே இறந்துபோனார். தம் மக்கள் அனைவரையும் அழைத்துக்கொண்டு திரும்பிய உமரும், தம் படையை விட்டு விலக மறுத்த அபூஉபைதாவும் எதிரெதிர் திசையில் சென்றது போலத் தோன்றலாம்; இருவருமே தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை முன்னிறுத்தித்தான் முடிவெடுத்தார்கள்.

ஈராக்கின் ஸவாத் என்ற வளமான நிலப்பகுதி கைப்பற்றப்பட்டபோது, அதைப் படைவீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பிலால் (ரலி), ஸுபைர் (ரலி) போன்றோர் அதை வலியுறுத்தினார்கள். இன்றுள்ளவர்களுக்கே நிலமெல்லாம் பிரித்துக் கொடுக்கப்பட்டு வாரிசுச் சொத்தாகிவிட்டால் நாளை வரும் தலைமுறைகளுக்கு என்ன இருக்கும் என்பது உமரின் வாதம். தம் கருத்தில் உறுதியாக இருந்தபோதும் ஆணையாக அதை அவர் பிறப்பிக்கவில்லை. மதீனாவின் அவ்ஸ் குலத்திலிருந்து ஐவரையும் கஸ்ரஜ் குலத்திலிருந்து ஐவரையும் அழைத்து, நான் உங்களில் ஒருவனைப் போன்றவன்தான், என் விருப்பத்தை நீங்கள் பின்பற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, என் மீது சுமத்தப்பட்டுள்ள அமானிதத்தில் பங்கெடுக்கவே உங்களைச் சிரமப்படுத்தினேன் என்று சொல்லி வழக்கை அவர்கள் முன் வைத்தார். சட்ட அறிஞர் அபூயூசுஃப் தம் கிதாபுல் கராஜ் நூலில் இந்த விவாதத்தை விரிவாகத் தருகிறார். குர்ஆனின் அல் ஹஷ்ர் அத்தியாயத்தில் "இவர்களுக்குப் பின் வருபவர்களுக்கும்" என்று வரும் வசனத்தை ஆதாரமாகக் காட்டிய பின் நிலம் பங்கிடப்படாமல், பழைய உழவர்களிடமே விடப்பட்டு, அதற்கு கராஜ் என்னும் நிலவரி விதிக்கப்பட்டது. உஸ்மான் பின் ஹுனைஃப் (ரலி) அந்த நிலத்தை அளந்தபோது மூன்று கோடியே அறுபது லட்சம் ஜரீப் (ஒரு நில அளவை) இருந்ததாக அந்நூல் சொல்கிறது.

இதன் தொடர்ச்சியையும் சொல்ல வேண்டும். தாம் குத்தப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் உமர், வரி மதிப்பீட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹுதைஃபாவையும் உஸ்மான் பின் ஹுனைஃபையும் நிறுத்தி, "அந்த நிலத்தால் தாங்க முடியாததை அதன் மீது சுமத்திவிட்டீர்களோ என்று அஞ்சுகிறீர்களா?" என்று கேட்டார். தாங்கக்கூடியதைத்தான் சுமத்தியிருக்கிறோம் என்று சொன்ன பிறகும், மீண்டும் யோசித்துப் பாருங்கள் என்றார். அல்லாஹ் என்னை நலமாக வைத்திருந்தால் ஈராக்கின் விதவைப் பெண்கள் எனக்குப் பின் எந்த ஆணிடமும் கையேந்தத் தேவையில்லாத நிலையில் விட்டுச் செல்வேன் என்றும் சொன்னார். வரியின் அளவைக் கேட்கும் ஆட்சியாளர்கள் பலர் உண்டு. அந்தச் சுமையைத் தாங்குபவர் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் குறைவு.

ஆளுநர்களை அவர் நடத்திய முறையும் இதே நோக்கில் அமைந்தது. கூஃபாவின் ஆளுநர் சஅத் பின் அபீவக்காஸ் (ரலி) மீது அந்த ஊர் மக்கள் புகார் சொன்னார்கள். அவருக்கு ஒழுங்காகத் தொழத் தெரியவில்லை என்றுகூடச் சொன்னார்கள். சஅத் காதிஸிய்யாப் போரின் வெற்றித் தளபதி, நபியவர்களின் தொடக்க காலத் தோழர். உமர் அவரைப் பதவியிலிருந்து விலக்கிவிட்டு நேரில் அழைத்து விளக்கம் கேட்டார். நபியவர்கள் தொழ வைத்தது போலவே தொழ வைப்பதாக சஅத் சொன்னபோது, "உம்மைப் பற்றி நான் எண்ணியதும் அதுவே" என்றார். ஆனால் அத்துடன் விடவில்லை; ஆள் அனுப்பி, கூஃபாவின் ஒரு பள்ளிவாசலைக்கூட விட்டுவிடாமல் விசாரிக்கச் செய்தார். ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் சஅத்தைப் புகழ்ந்தார்கள். பல ஆண்டுகளின் புகழும் சொந்த நம்பிக்கையும் ஒரு புகாரை விசாரிக்காமல் தள்ளுவதற்குக் காரணமாக அமையவில்லை. அதேபோல், பதவி நீக்கம் சஅத்தின் பெயருக்குக் களங்கமாகவும் விடப்படவில்லை: மரணப் படுக்கையில் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் ஆறு பேரில் ஒருவராக சஅத்தை நியமித்த உமர், "இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ நான் அவரை நீக்கவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிச் சென்றார்.

மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) ஆட்சியைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டுமென்றால், அவருடைய உறவினர்கள் ஆளுநர்களாக நியமிக்கப்பட்டது மக்களிடையே பெரும் மனக்குறையை உண்டாக்கியது என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் கூஃபாவின் ஆளுநராக இருந்த தம் தாய்வழிச் சகோதரர் வலீத் பின் உக்பா மது அருந்தியதற்குச் சாட்சிகள் கிடைத்தபோது, உஸ்மான் அவருக்குக் கசையடித் தண்டனை நிறைவேற்றச் செய்தார். கி.பி. 656இல் கலகக்காரர்கள் அவருடைய வீட்டை முற்றுகையிட்டபோது, தமக்காக வாளேந்த வந்த தோழர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் திருப்பி அனுப்பிவிட்டார். தம் பதவியைக் காக்க முஸ்லிம்களின் இரத்தம் சிந்தப்படுவதை அவர் ஏற்கவில்லை. அந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவருடைய நிர்வாக முடிவுகள் சிலவற்றில் கருத்து வேறுபாடு கொள்பவர்களும் இந்த இறுதி முடிவின் முன் தலை குனியத்தான் வேண்டும்.

அலீ (ரலி) அவர்களின் காலம் முழுவதும் உள்நாட்டுப் போர்களின் காலம். நெருக்கடியில்தான் ஒரு தலைவரின் கொள்கை சோதிக்கப்படுகிறது. கூஃபாவின் பள்ளிவாசலில் அவர் உரையாற்றும்போது, அவரிடமிருந்து பிரிந்து சென்ற காரிஜிய்யாக்கள் குறுக்கிட்டு, "தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே" என்று முழக்கமிட்டார்கள். "உண்மையான சொல், ஆனால் அதன் மூலம் பொய் நாடப்படுகிறது" என்றார் அலீ. தொடர்ந்து, அல்லாஹ்வின் பள்ளிவாசல்களில் அவனை நினைவுகூர்வதிலிருந்து உங்களைத் தடுக்க மாட்டோம், எங்களுடன் நீங்கள் கைகோத்து நிற்கும் வரை பொதுச் செல்வத்தில் உங்கள் பங்கை மறுக்க மாட்டோம், நீங்கள் தொடங்காத வரை உங்களுடன் போரிட மாட்டோம் என்று மூன்று உறுதிகள் அளித்தார். தம்மை இறைமறுப்பாளர் என்று தூற்றியவர்களுக்கு அவர் தந்த உரிமைகள் இவை. அவர்கள் அப்பாவிகளைக் கொல்லத் தொடங்கிய பிறகுதான் நஹ்ரவானில் போர் நடந்தது. கி.பி. 661இல் அவர்களில் ஒருவனே அவரை வெட்டினான். அப்போதும், தாம் இறந்தால் ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டு மட்டுமே, அவனுடைய உடலைச் சிதைக்கக் கூடாது என்று அலீ தம் குடும்பத்தாருக்குக் கட்டளையிட்டார்.

அதன் பிறகு ஆட்சி பரம்பரைச் சொத்தானது. அமானிதம் என்ற சொல் உரைகளில் நிலைத்தாலும் கருவூலத்தில் தங்கவில்லை. விதிவிலக்காக வந்தவர் உமர் பின் அப்துல் அஸீஸ். கி.பி. 717 முதல் 720 வரை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே ஆண்டார். தம் குடும்பத்தாரிடம் முறையின்றிச் சேர்ந்திருந்த சொத்துகளைத் திருப்பி ஒப்படைக்கச் செய்தார். இஸ்லாத்தைத் தழுவியவர்களிடமும் ஜிஸ்யாவை, அதாவது முஸ்லிம் அல்லாதவர்களுக்குரிய வரியை, வசூலித்து வந்த வழக்கத்தை, "அல்லாஹ் முஹம்மதை வழிகாட்டியாக அனுப்பினான், வரி வசூலிப்பவராக அனுப்பவில்லை" என்று சொல்லி நிறுத்தினார். தளபதி குதைபா பின் முஸ்லிம் தங்கள் நகரத்தை ஒப்பந்தத்தை மீறிக் கைப்பற்றினார் என்று சமர்கந்து மக்கள் முறையிட்டபோது, ஒரு காழியை (நீதிபதியை) நியமித்து விசாரிக்க ஆணையிட்டார். முஸ்லிம் படை நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று அந்த முஸ்லிம் காழியே தீர்ப்பளித்தார். அந்த மக்களோ, மீண்டும் போர் மூளுவதைவிட இப்போதுள்ள நிலையே போதும் என்று அமைதி கொண்டார்கள். வென்ற படையின் மீது தோற்றவர்கள் வழக்குத் தொடுத்து வெல்ல முடிந்தது என்பதுதான் இதில் பெரிய செய்தி.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே நிகழ்வைச் சொல்லச் சொன்னால் உமர் பின் கத்தாபின் இறுதி நாட்களில் நடந்ததைச் சொல்வேன். புகாரி என்னும் ஹதீஸ் தொகுப்பில் நீண்ட ஹதீஸாக அது பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 23ஆம் ஆண்டின் இறுதியில் வைகறைத் தொழுகையின்போது அபூலுஃலுஆ என்பவன் அவரைக் குத்தினான். பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும், தம் மகன் அப்துல்லாஹ்விடம் தம் கடன்களைக் கணக்கிடச் சொன்னார். ஏறத்தாழ 86,000 திர்ஹம் இருந்தது. அன்றைய உலகின் மிகப் பெரிய ஆட்சிகளில் ஒன்றின் தலைவர் கடனாளியாக இறக்கிறார். அதை முதலில் தம் குடும்பச் செல்வத்திலிருந்தும், போதாவிட்டால் தம் குலத்தாரான பனூ அதீயிடமும், அதுவும் போதாவிட்டால் குறைஷியரிடமும் கேட்டு அடைக்கச் சொன்னார். அவர்களைக் கடந்து வேறு யாரிடமும் போகக் கூடாது என்றார்.  அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தம் மகன் பார்வையாளராக இருக்கலாம், பதவியில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொன்னார். முஸ்லிம் அல்லாத குடிமக்களுக்கு அளித்த உடன்படிக்கையைக் காக்குமாறும், அவர்களைக் காக்கப் போரிடுமாறும், தாங்க முடியாததை அவர்கள் மீது சுமத்தக் கூடாது என்றும் தமக்குப் பின் வருபவருக்கு வஸிய்யத் (இறுதி அறிவுரை) செய்தார்.

பிறகு மகனை நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுப்பினார். நபியவர்களும் அபூபக்ரும் அடக்கம் செய்யப்பட்டிருந்த அந்த அறையில் தமக்கும் இடம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. "உமர் சலாம் சொல்கிறார் என்று சொல். அமீருல் முஃமினீன் (இறைநம்பிக்கையாளர்களின் தலைவர்) என்று சொல்லாதே. இன்று நான் முஃமின்களின் அமீர் அல்லன். உமர் பின் கத்தாப் தம் இரு தோழர்களுடன் அடக்கம் செய்யப்பட அனுமதி கேட்கிறார் என்று சொல்." அப்துல்லாஹ் சென்றபோது ஆயிஷா அழுதுகொண்டிருந்தார். "அந்த இடத்தை எனக்காக வைத்திருந்தேன், இன்று என்னைவிட அவருக்கே முன்னுரிமை தருகிறேன்" என்றார். செய்தியுடன் மகன் திரும்பியதும் உமர் தம்மைத் தூக்கி உட்கார வைக்கச் சொல்லிக் கேட்டு, அல்லாஹ்வைப் புகழ்ந்தார். அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் ஆட்சியிலிருப்பவர் உயிரோடு கேட்டதால் மறுக்க முடியாமல் தரப்பட்டதாக அது இருந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. எனவே மகனிடம் சொன்னார்: "நான் இறந்ததும் என்னைச் சுமந்து சென்று, மீண்டும் சலாம் சொல்லி, உமர் பின் கத்தாப் அனுமதி கேட்கிறார் என்று சொல். அவர் அனுமதித்தால் என்னை உள்ளே கொண்டு செல்லுங்கள். மறுத்துவிட்டால் முஸ்லிம்களின் பொது அடக்கத்தலத்துக்குத் திருப்பிக் கொண்டு சென்றுவிடுங்கள்." அவர் சொன்னபடியே ஜனாஸாவை (உடலை) சுமந்து வந்து வாசலில் நிறுத்தி, அப்துல்லாஹ் சலாம் சொல்லி இரண்டாம் முறையாக அனுமதி கேட்டார். உள்ளே கொண்டு வாருங்கள் என்று ஆயிஷா சொன்னார்.